அறிவிக்கும் விளக்கும் மறைக்கும் நாவும்

தை அறுவடை முடிந்து நெல் காசாகும் நாள்களிலும், வளைகுடா நாடுகளில் உழைக்கும் பிள்ளைகள் விடுப்பில் வந்து தங்கும் மாதங்களிலும், நம் காவிரிக் கடைமடைப் பகுதியில் பழைய கார்கள் கைமாறுகின்றன. ஒரு காலத்தில் உழவு மாடு வாங்குவது எத்துணைப் பெரிய குடும்ப நிகழ்ச்சியாக இருந்ததோ, அத்துணைப் பெரிய நிகழ்ச்சியாக இன்று பழைய கார் வாங்குவது ஆகியிருக்கிறது. மாடு வாங்கியவர்கள் பல்லைப் பிடித்து வயதைக் கணித்தார்கள், சுழி பார்த்தார்கள், ஏரில் பூட்டி நடக்க விட்டுப் பார்த்தார்கள். தரகர் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசினார். கார் வாங்குகிறவர்களோ கதவைத் திறந்து மூடிப் பார்க்கிறார்கள். டயரைத் தட்டிப் பார்க்கிறார்கள். தெரு முனை வரை ஓட்டிப் பார்க்கிறார்கள். அவ்வளவுதான். மாட்டின் வாயைத் திறக்கத் தெரிந்த நமக்குக் காரின் வாயைத் திறக்கத் தெரியவில்லை.

குருமடத்தில் அறநெறி இறையியல் பயில்வோர் முன் ஆசிரியர்கள் வழக்கு ஒன்றை வைப்பது நெடுநாள் மரபு. பெயரில்லாத ஒருவர், அவர்முன் ஒரு சிக்கல், அவர் செய்யக் கடமைப்பட்டது என்ன? அந்த மரபில் நாமும் ஒரு வழக்கை வைத்து ஆராய்வோம். முத்துப்பேட்டையில் சிறு கடை வைத்திருக்கும் ஒருவர், சேமிப்போடு மனைவியின் நகையை அடகு வைத்த பணத்தையும் சேர்த்து, ஒன்பது ஆண்டு ஓடிய பெட்ரோல் கார் ஒன்றை வாங்குகிறார். நான்காம் நாள் மன்னார்குடிக்குச் சென்று திரும்பும் வழியில், ஓட்டுநர் முன் உள்ள பலகையில் எஞ்சின் வடிவ மஞ்சள் விளக்கு எரிகிறது. வண்டி நன்றாகவே ஓடுகிறது. விளக்கு மட்டும் அணையவில்லை. மறுநாள் பட்டறையில் ஒருவர் கருவியைப் பொருத்திப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொல்கிறார்: "செலவு பெரிசா வரும்ணே. இப்போதைக்கு அழிச்சு விட்டுடுறேன், லைட்டு வராது. சீக்கிரம் வேற யாருக்காவது தள்ளி விட்டுடுங்க."

இந்த ஒரு சொல்லில் மூன்று கேள்விகள் அடங்கியிருக்கின்றன. விளக்கைக் கண்டவர் செய்ய வேண்டியது என்ன? அவருக்கு விற்றவர் சொல்லியிருக்க வேண்டியது என்ன? ஏமாற்றப்பட்டதாகக் கருதும் அவர், அடுத்தவருக்குச் சொல்லாமல் விற்கலாமா?

முதலில் அவ்விளக்கு எதற்காக வைக்கப்பட்டது என்பதை அறிந்துகொள்வோம். உரிமையாளரின் பணப்பையைக் காப்பதற்காகவே அது வந்தது என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மை வேறு. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை 1940-களில் கண்ணெரியச் செய்யும் புகைமூட்டம் சூழ்ந்தது. வாகனப் புகை வெயிலில் வேதிமாற்றம் அடைவதே அதற்கு முதன்மைக் காரணம் என்பதை அறிவியலார் ஹாகன்-ஸ்மித் 1950-களில் தெளிவுபடுத்தினார். அதைத் தொடர்ந்து வந்த சட்டங்களின் வழியில்தான், எஞ்சின் தன் புகையைத் தானே கண்காணித்துக் குறை கண்டால் விளக்கேற்றி அறிவிக்க வேண்டும் என்ற விதி 1988-ஆம் ஆண்டு மாதிரிக் கார்கள் முதல் கலிபோர்னியாவில் வந்தது. 1996-இல் அமெரிக்கா முழுவதும் ஒரே வகை ஏற்பாடாக அது விரிந்தது. நம் நாட்டிலும் பாரத் ஸ்டேஜ் 4 விதிகளோடு 2010-இல் தொடங்கி, 2013-இல் விரிவான வடிவம் பெற்றது. ஆகவே, "வண்டிதான் ஓடுகிறதே, விளக்கு எரிந்தால் என்ன?" என்று கேட்பவர் விளக்கின் நோக்கத்தையே தவறவிடுகிறார். அது ஏற்றப்படுவது, வண்டிக்குப் பின்னால் சைக்கிளில் வருகிறவரின் மூச்சுக்காகவும்தான். பிறர் நலம் பொருட்டுப் பிறந்த விளக்கு அது.

இனி முதற் கேள்வி. எச்சரிக்கை ஒன்றைப் பெறும் மனிதன் இரண்டு வகையில் தவறலாம். அஞ்சி நிலைகுலையலாம், அல்லது பழகிப்போய்ப் பாராமல் விடலாம். இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பதைத்தான் நம் முன்னோர் விவேகம் என்றனர். தலையாய நற்பண்புகள் நான்கனுள் அதனை முதலாவதாக வைத்தனர். எண்ணெய் அழுத்தம் குறைந்ததையோ எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறியதையோ காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தால், பாதுகாப்பான ஓரத்தில் வண்டியை நிறுத்தி எஞ்சினை உடனே அணைக்க வேண்டும். அதில் பேரம் கிடையாது. மஞ்சள் விளக்கு விட்டு விட்டு மின்னினால், எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் உள்ள தூய்மைப்படுத்தும் கருவிக்குள் சென்று அதனைச் சுட்டெரிக்கிறது என்று பொருள். வேகத்தைக் குறைத்து, விரைவில் நிறுத்த வேண்டும். மின்னாமல் நின்றெரிந்தால், மெதுவாக வீடு வந்து சேர்ந்து, காலம் தாழ்த்தாமல் சோதிக்கக் கொடுக்கலாம்.

சோதிக்கும்போதும் ஓர் ஒழுங்கு உண்டு. அந்தக் கருவி ஒரு குறியீட்டைக் காட்டும். எடுத்துக்காட்டாக, பி 0420 என்று காட்டினால், தூய்மைப்படுத்தும் கருவி போதிய அளவு வேலை செய்யவில்லை என்று பொருள். உடனே அக்கருவியை மாற்றிவிட வேண்டும் என்பதில்லை. உயிர்வளியை அளக்கும் சென்சார் கெட்டிருக்கலாம். புகைக்குழாயில் கசிவு இருக்கலாம். குறியீடு அறிகுறியைச் சொல்கிறது. காரணத்தை நாமே தேடவேண்டும். காய்ச்சலைக் கண்டவுடன் நோயின் பெயரைச் சொல்லிவிடும் மருத்துவரை நாம் நம்புவதில்லை அல்லவா? எனவே குறியீட்டை எழுதி வைத்துக்கொண்டு, அதன் வேரைக் கண்டு, பழுதைச் சரிசெய்த பின்னரே அதனை அழிக்க வேண்டும்.

பட்டறைக்காரர் சொன்ன "அழித்துவிடுதல்" என்பது என்ன? குறியீட்டை அழிக்கும்போது விளக்கு அணைகிறது. பழுது அப்படியே இருக்கிறது. குறை தோன்றிய நேரத்தில் வண்டி என்ன வேகத்தில் சென்றது, எஞ்சின் எவ்வளவு சூடாக இருந்தது என்று கணினி பதிந்து வைத்திருந்த சான்றும் அதனோடு அழிந்துபோகிறது. கணினி தன் சோதனைகளை மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறது. பல குறைகளை அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் கண்ட பின்னரே அது விளக்கை ஏற்றும். ஆகவே சில நாள்கள் விளக்கு அணைந்தே இருக்கும். பிறகு மீண்டும் எரியும். ஒப்புரவு அருட்சாதனத்தை அணுகும் நாம் இதனை எளிதில் உணர முடியும். மனம் மாறாமல், திருந்தும் உறுதி இல்லாமல், பட்டியலை மட்டும் ஒப்புவித்துவிட்டு எழுந்து செல்லும் பாவசங்கீர்த்தனம் இத்தகையதே. குறியீடு அழிந்தது, எஞ்சின் மாறவில்லை.

நம் வழக்கில் விளக்கு நான்காம் நாள் எரிந்ததும் இதனால் இருக்கலாம். ஆனால் "இருக்கலாம்" என்ற சொல்லை நாம் கவனமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒன்பது ஆண்டு ஓடிய வண்டியில் ஒரு சென்சார் உண்மையாகவே நான்காம் நாள் பழுதாவதற்கும் வாய்ப்பு உண்டு. விற்றவர் பேட்டரியை மாற்றியிருந்தாலும் பல வண்டிகளில் நினைவு அழிந்துபோகும். போதிய சான்றின்றிப் பிறர்மேல் குற்றம் சுமத்துவதும் எட்டாம் கட்டளைக்கு எதிரான பாவமே. ஏமாற்றப்பட்டோம் என்ற எரிச்சல், நேர்மையான ஒருவரையும் ஊரறியத் திருடன் ஆக்கிவிடக் கூடும்.

இரண்டாம் கேள்விக்கு வருவோம். விற்பவர் குறையைச் சொல்லக் கடமைப்பட்டவரா? இது இன்று எழுந்த கேள்வி அன்று. உரோமைச் சிந்தனையாளர் சிசரோ, கி.மு. 44-இல் எழுதிய கடமைகளைப் பற்றிய நூலில் இதனை விரிவாக ஆராய்கிறார். ரோதுத் தீவில் பஞ்சம். தானியக் கப்பலோடு முதலில் வந்து சேர்ந்த வணிகருக்கு, பின்னால் வேறு கப்பல்களும் வருவது தெரியும். அதைச் சொன்னால் விலை இறங்கும். சொல்ல வேண்டுமா? குறையுள்ள வீட்டை விற்பவர் குறையைச் சொல்ல வேண்டுமா? சொல்லாமல் இருப்பது வேறு, மறைப்பது வேறு என்று தியோகேனஸ் என்ற ஞானி வாதிட்டார். மானிடர் அனைவரும் ஒரே உறவினர் ஆதலால் சொல்லியே ஆகவேண்டும் என்று அந்திப்பாத்தர் வாதிட்டார். சிசரோ இரண்டாமவர் பக்கமே நின்றார்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் அக்குவினாவின் புனித தோமா இதே பொருளைத் தம் இறையியல் தொகுப்பில் எடுத்துக்கொண்டார். அவர் வரைந்த கோடு மிகத் தெளிவானது. ஒற்றைக் கண் குதிரையைப் போல, குறை எவர் கண்ணுக்கும் தெரிவதாக இருந்து, அதற்கேற்ப விலையும் குறைக்கப்பட்டிருந்தால், விற்பவர் அதை முரசறைய வேண்டியதில்லை. ஆனால் குறை மறைவானதாக இருந்து, வாங்குபவருக்கு இழப்பையோ ஆபத்தையோ தருமானால், சொல்லியே ஆகவேண்டும். சொல்லாவிடின் அது வஞ்சகம். இழப்பை ஈடுசெய்யும் கடமையும் உண்டு. இன்னும் ஒரு படி மேலே சென்று, குறையை அறியாமல் விற்றவர்மீது பாவம் இல்லை, எனினும் அது தெரியவந்த பின் ஈடுசெய்ய அவர் கடமைப்பட்டவர் என்கிறார். வாங்கியவருக்கும் அதே அளவுகோல்: பித்தளை என்று நினைத்து விற்கப்பட்ட பொன்னை வாங்கியவர், உண்மை அறிந்ததும் வேறுபாட்டைத் திருப்பித் தர வேண்டும். நியாயம் ஒரு பக்கம் மட்டும் சாயும் தராசு அன்று.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் பதினேழாம் பிரிவில் மோசடி இன்னது என்று வரையறுக்கிறது. அதற்கு விளக்கமாகத் தரும் எடுத்துக்காட்டுகளில் ஒரு குதிரை வருகிறது. குதிரைக்குக் குறை இருப்பதை அறிந்த ஒருவர், ஏலத்தில் அதைப் பற்றி வாய் திறக்காமல் விற்கிறார். அது மோசடி ஆகாது என்கிறது சட்டம். வாங்க வந்தவர், "நீர் மறுக்காவிட்டால் குதிரை நலமாக இருப்பதாகக் கொள்வேன்" என்று சொல்லி, விற்பவர் அப்போதும் மௌனம் காத்தால், அந்த மௌனம் பேச்சுக்கு ஒப்பானது. இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள எடுத்துக்காட்டு நம் சிந்தனைக்கு உரியது: வாங்குபவர் விற்பவரின் சொந்த மகளாக இருந்து, அப்போதுதான் பருவ வயதை எட்டியவளாக இருந்தால், அந்த உறவே உண்மையைச் சொல்லும் கடமையை உண்டாக்குகிறது.

இங்கே சட்டம் தன்னை அறியாமலேயே ஓர் ஒப்புதல் வாக்குமூலம் தருகிறது. குதிரை அதே குதிரை. குறை அதே குறை. மாறியது எதிரே நிற்பவர் மட்டுமே. மகள் என்றால் சொல்ல வேண்டும். அயலான் என்றால் வேண்டியதில்லை. அப்படியானால் கேள்வி குதிரையைப் பற்றியது அன்று. எதிரே நிற்பவர் நமக்கு யார் என்பதைப் பற்றியது. "எனக்கு அயலான் யார்?" என்று சட்ட அறிஞர் ஒருவர் கேட்டதற்கு ஆண்டவர் சொன்ன நல்ல சமாரியர் உவமையை ஞாயிறுதோறும் கோவிலுக்கு வரும் நாம் அறிவோம். சட்டம் மகளுக்குத் தரும் உண்மையை, திருமுகம் அறியாத அயலானுக்கும் தர வேண்டும் என்பதே அதன் பொருள். சட்டம் தண்டிக்காத எல்லாவற்றையும் செய்யலாம் என்பது கிறிஸ்தவ அறநெறி அன்று.

"வாங்குகிறவன்தான் பார்த்து வாங்க வேண்டும், கண் எதற்கு இருக்கிறது?" என்று கேட்போர் உண்டு. அதில் ஓரளவு நியாயம் உண்டு. விலை பேசுமுன் நம்பகமான மெக்கானிக்கை அழைத்துச் செல்வதும், சாவியைத் திருப்பியதும் விளக்கு ஒருமுறை எரிந்து, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைகிறதா என்று பார்ப்பதும், கணினியின் உட்சோதனைகள் நிறைவு பெற்றிருக்கின்றனவா என்று கருவியால் காண்பதும் வாங்குபவரின் கடமையே. சோதனைகள் எல்லாம் நிறைவுறாமல் கிடந்தால், அண்மையில் நினைவு அழிக்கப்பட்டிருக்கிறது என்பது விளங்கும். காரணத்தைக் கேட்டுத் தெளியலாம். ஆனால் மாட்டின் பல் வாங்குபவர் விற்பவர் இருவர் கண்ணுக்கும் ஒன்றுபோலத் தெரிந்தது. மின்கம்பிக்குள் ஊறிய உப்பு அவ்வாறு தெரிவதில்லை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னை வெள்ளத்தில் எத்தனையோ கார்கள் மூழ்கின. மூழ்கிய வண்டியைக் கழுவி, இருக்கை உறையை மாற்றி, மணம் தெளித்துவிட்டால் கண்ணுக்குப் புதிதாகத் தோன்றும். மின் இணைப்புகளில் துரு ஏறி விளக்குகள் ஒவ்வொன்றாக எரிவதற்கு மாதங்கள் ஆகலாம். அறிவு ஒருவரிடமே இருக்கும்போது, பொறுப்பும் அவரிடமே கூடுதலாக இருக்கிறது. தரகரும் இதற்கு விலக்கல்லர். அறிந்துகொண்டே கூலி பெற்றவர் அவ்வஞ்சகத்தின் பங்காளியே.

மூன்றாம் கேள்வியே கடினமானது. நம் கடைக்காரர் இப்போது இழப்பில் நிற்கிறார். நகை அடகில் இருக்கிறது. பழுதை நீக்கப் பணம் இல்லை. விளக்கை அழித்து, மூன்று நாளில் வேறொருவர் தலையில் கட்டிவிட்டால் சிக்கல் தீர்ந்தது. "எனக்கு ஒருவன் செய்ததைத்தானே நான் செய்கிறேன்?" என்ற வாதம் அவர் நெஞ்சில் எழும். இந்த வாதத்தை நாம் எளிதில் ஒதுக்கிவிடக் கூடாது. வறியவரின் இழப்பு, வசதியுள்ளவரின் இழப்பைப் போன்றது அன்று. மேடையில் நின்று நேர்மையைப் பேசுவது எளிது. வட்டி கட்டிக்கொண்டு நேர்மையாக இருப்பது எளிதன்று.

இருப்பினும் அவ்வாதத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. அநீதிக்கு உள்ளானவருக்கு உரிமை உண்டு. அவ்வுரிமை அநீதி செய்தவர்மேல் மட்டுமே செல்லும். மூன்றாமவர் ஒருவர் நமக்கு எந்தக் கடனும் பட்டவர் அல்லர். பேராவூரணியிலிருந்தோ வேதாரண்யத்திலிருந்தோ வரப்போகும் அந்த மூன்றாமவரும் ஒருவேளை மனைவியின் நகையை அடகு வைத்தே வருவார். அவரிடமிருந்து எடுப்பது இழந்ததை மீட்பதாகாது. புதிய களவு ஒன்றைத் தொடங்குவதாகும். இப்படியே ஒவ்வொருவரும் அடுத்தவரிடம் தள்ளிவிட்டால், பழுது எங்கேதான் நிற்கும்? கடைசியில் எவரால் தள்ளிவிட முடியாதோ, அவரிடம். பெரும்பாலும் எல்லாரினும் ஏழையானவரிடம். ஒருவர் துணிந்து "இது என்னோடு நிற்கட்டும்" என்று சொல்லாதவரை தீமையின் சங்கிலி அறுவதில்லை. சிலுவையைப் பற்றி நாம் ஆண்டுதோறும் தவக்காலத்தில் தியானிப்பதும் இதுவே அல்லவா?

அவர் எல்லாவற்றையும் தனியே சுமக்க வேண்டும் என்பதும் இல்லை. முதலில் விற்றவரைத் தனியே சந்தித்துப் பேசட்டும். சகோதரனின் குற்றத்தை முதலில் அவனிடம் தனிமையில் எடுத்துக்கூறும்படி நற்செய்தி கற்பிக்கிறது. குறியீட்டை எழுதிய தாளை முன்வைத்து, "உங்களுக்கு இது தெரியுமா?" என்று கேட்கட்டும். தெரியாமல் விற்றவரானாலும், செலவில் ஒரு பங்கை ஏற்பது நியாயம் என்பதைப் புனித தோமாவின் அளவுகோல் காட்டுகிறது. பழைய கார் விற்பதையே தொழிலாகக் கொண்டவர் ஏமாற்றியிருந்தால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தை நாடலாம். எந்த வழியும் பயன்தராமல் வண்டியை விற்றே ஆகவேண்டும் என்றால், விற்கலாம்; பழுதுள்ள பொருளை விற்பது பாவம் அன்று. பழுதைச் சொல்லி, அதற்கேற்ப விலையைக் குறைத்து விற்க வேண்டும். அந்தக் குறைந்த தொகைதான் அவர் நேர்மைக்குக் கொடுக்கும் விலை. அது சிறிதன்று என்பதை நாம் அறிவோம். ஆகவேதான் அப்படிப்பட்டவரைக் கண்டால், "பிழைக்கத் தெரியாதவர்" என்று நம் வாயால் சொல்லாதிருப்பதாவது பங்கு மக்களாகிய நம் கடமை.

கடற்கரை மக்களாகிய நமக்கு எச்சரிக்கையின் அருமையை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது, முத்துப்பேட்டைப் பகுதியின் தென்னைகள் வேரோடு சாய்ந்தன. எச்சரிக்கையைக் கேட்டு முகாம்களுக்குச் சென்றவர்கள் உயிர் தப்பினர். துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகளுள் ஒன்று முதல் பத்து வரை உள்ளவை புயலின் நெருக்கத்தையும் கடுமையையும் சொல்கின்றன. பதினோராம் எண் வேறு வகையானது: வானிலை எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அற்றுப்போனது என்பதே அதன் பொருள். எல்லாவற்றினும் அஞ்சத்தக்கது அதுதான். புயல் எங்கே இருக்கிறது என்று சொல்ல இனி எவரும் இல்லை.

மனச்சான்றுக்கும் அந்தப் பதினோராம் நிலை உண்டு. பாவத்தில் பழகிப் பழகி மனச்சான்று சிறிது சிறிதாகக் குருடாகிவிடக் கூடும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் கொள்கைத் திரட்டு எச்சரிக்கிறது. விளக்கு எரியவில்லை என்பதனாலேயே எஞ்சின் நலம் என்று ஆகிவிடாது. பல்பைக் கழற்றி வைத்த வண்டியிலும் விளக்கு எரிவதில்லை. ஆகவே சாவியைத் திருப்பும்போது விளக்கு ஒருமுறை எரிகிறதா என்று பார்ப்பதுபோல, நாள் முடிவில் ஆன்ம சோதனை செய்யும்போது, எதை எண்ணியாவது நம் நெஞ்சு சிறிது உறுத்துகிறதா என்று பார்ப்பது நலம். எதற்குமே உறுத்தாத நெஞ்சு தூய்மையான நெஞ்சாக இருக்க வேண்டும் என்பதில்லை.

பழைய கார் ஒன்றை விற்கும் நிலையில் இருப்போருக்கு ஒரு சிறு நடைமுறையைப் பரிந்துரைத்து முடிக்கிறோம். பெயர் மாற்றப் படிவங்களில் கையெழுத்திடும் நாளில், தனித்தாள் ஒன்றில் வண்டியில் தமக்குத் தெரிந்த குறைகளை வரிசையாக எழுதி, கீழே கையெழுத்திட்டு, வாங்குபவரிடம் கொடுங்கள். எந்தச் சட்டமும் உங்களை வற்புறுத்தவில்லை. வாங்குபவர் சில ஆயிரங்களைக் குறைத்துக் கேட்பார். ஒருவேளை வாங்காமலே திரும்பிப் போவார். ஆனால் அந்தத் தாளை எழுத அமரும்போது, எதிரே நிற்பது உங்கள் மகள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். என்ன எழுத வேண்டும் என்பது தானே தெரியும்.